தொண்டு செய்யும் இளைஞரும் ஊரார் எண்ணமும்

ஒரு மஹல்லாவில் பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஒன்று கூடி ஒரு நற்பணி மன்றம் ஆரம்பிக்கிறார்கள். இரத்த தானத்திற்கு ஆள் சேர்ப்பது, ஜனாஸா வேலைகளுக்கு ஓடி வருவது, ரமலானில் வசதியற்ற வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொண்டு சேர்ப்பது என்று காரியங்கள் நடக்கின்றன. ஆறு மாதம் ஆவதற்குள் ஊரில் பேச்சும் நடக்கத் தொடங்கிவிடுகிறது. 'ஜமாஅத் என்று ஒன்று இருக்கும்போது இவர்களுக்குத் தனியாக மன்றம் எதற்கு?' என்கிறார் ஒருவர். 'வசூலித்ததில் எவ்வளவு போய்ச் சேர்ந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்!' என்கிறார் இன்னொருவர். 'அடுத்த நகராட்சித் தேர்தலுக்கு இப்போதே அடி போடுகிறார்கள்' என்று மூன்றாமவர் சிரிக்கிறார். பக்கத்துத் தெருவிலுள்ள பிற சமய அன்பர்களோ, இரவில் இத்தனை பையன்கள் கூடி என்ன பேசுகிறார்கள் என்று தங்களுக்குள் கேட்டுக் கொள்கிறார்கள்.

இந்தப் பேச்சு காதில் விழுந்ததும் மன்றத்துக்குள்ளேயே இரண்டு கட்சி பிரிந்துவிடும். 'நாம் செய்வது அல்லாஹ்வுக்குத் தெரியும். மனிதனுக்குப் பதில் சொல்லும் அவசியம் நமக்கில்லை' என்பது ஒரு கட்சி. வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியாதவாறு கொடுப்பவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்ற நபிமொழியை அவர்கள் ஆதாரமாகக் காட்டுவார்கள். 'வாயை மூடிக்கொண்டிருந்தால் பொய்யே மெய்யாகிவிடும். நோட்டீஸ் அடிப்போம், போர்டு வைப்போம், செய்வதையெல்லாம் படமெடுத்து முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் போடுவோம்' என்பது மறு கட்சி. இருவர் சொல்லிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் கருத்து. மனிதர்கள் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில் ஒரு முஃமின் கவலை கொள்ளலாமா? கொள்ளலாமென்றால், யாருக்காக அந்தக் கவலை?

இளைஞர்கள் கூடிச் சங்கம் அமைப்பதே இக்காலத்துப் புதுமை என்று எண்ணும் பெரியவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ 20 வயதிருக்கும். யமன் நாட்டு ஜுபைத் கோத்திரத்து வியாபாரி ஒருவர் மக்காவுக்குச் சரக்குக் கொண்டு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷிப் பிரமுகர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தர மறுத்துவிட்டார். வந்தவர் அந்நியர், கேட்பாரில்லை. அவர் பகிரங்கமாக நின்று முறையிட்டபோது, நெஞ்சில் ஈரமிருந்த சிலர் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் வீட்டில் கூடினார்கள். உள்ளூரானோ வெளியூரானோ, அநீதி இழைக்கப்பட்டவன் பக்கம் ஒரே கையாக நிற்போம் என்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்புல் ஃபுளூல் என்று வரலாறு கூறும் அந்த உடன்படிக்கையில் இளைஞராயிருந்த பெருமானாரும் பங்கு பெற்றார்கள். நுபுவ்வத் கிடைத்த பிறகும் அதனை மெச்சி நினைவு கூர்ந்தார்கள். இஸ்லாத்திலும் அதற்கு அழைக்கப்பட்டால் செல்லத் தயார் என்று அறிவித்தார்கள்.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. அது மறைவான சங்கமல்ல. யார் வீட்டில் கூடினார்கள், எதற்காகக் கூடினார்கள், என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்பது மக்கா முழுவதற்கும் தெரியும். கூடியவுடன் செய்த முதற்காரியம், ஆஸிடம் சென்று அந்த யமன் வியாபாரியின் பாக்கியை வாங்கிக் கொடுத்ததுதான். மன்றத்தின் நோக்கம் என்ன என்று அதற்குப் பிறகு எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இனி, ஊர்ப் பேச்சுக்கு வருவோம். அதையெல்லாம் பொறாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது இளைஞர்களுக்கு எளிது. ஆனால் அது நியாயமாகாது. பணத்தைப் பற்றிக் கேட்கும் பெரியவர் தம் வாழ்நாளில் எத்தனை வசூலைப் பார்த்திருப்பார்! கட்டி முடிக்கப்படாத மதரஸாக்களுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்களையும், பெயர் தெரியாத ஊர் அனாதைகளுக்காக ஜும்ஆவுக்குப் பின் எழுந்து நின்றவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். சூடு கண்ட பூனை அது. அவர் சந்தேகத்தோடு கேட்டாலும் கேள்வி கேட்க வேண்டிய கேள்விதான். ஜமாஅத்தைப் பற்றிய கேள்வியும் அப்படியே. ஒரே மஹல்லாவில் இரண்டு கை ஓங்கினால் பிளவு வரும் என்ற அச்சத்திற்கு நம் ஊர்களில் சாட்சிகள் உண்டு. முத்தவல்லியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கியிருந்தால் பாதிப் பேச்சு எழுந்தே இருக்காது. (சொல்லப் போனால் ஒரு வருடம் இழுத்தடிப்பார் என்று பையன்கள் முணுமுணுப்பது எனக்கும் கேட்கிறது. அதிலும் உண்மை இல்லாமலில்லை. பெரியவர்களின் மௌனத்தால் வாடிப்போன நற்காரியங்களும் உண்டு.)

ஆகவே கேள்விகள் வரும். பதில் சொல்வதா, வேண்டாமா?

ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு வழி காட்டுகிறது. ரமலானின் கடைசிப் பத்து. பெருமானார் (ஸல்) அவர்கள் பள்ளியில் இஃதிகாபில் இருக்கிறார்கள். இரவில் அவர்களின் துணைவியார் உம்முல் முஃமினீன் ஸஃபிய்யா (ரலி) அவர்கள் பார்க்க வருகிறார்கள். சற்று நேரம் பேசியிருந்துவிட்டு எழுந்தபோது, வழியனுப்புவதற்காகப் பெருமானாரும் எழுந்து உடன் வருகிறார்கள். அவ்வழியே சென்ற அன்ஸாரிகள் இருவர் இதைக் கண்டு நடையை விரைவாக்குகிறார்கள். பெருமானார் அவர்களை நிறுத்தி, இவர் ஹுயை என்பவரின் மகளான ஸஃபிய்யா என்று தெரிவிக்கிறார்கள். அவ்விருவருக்கும் அது பெரும் பாரமாகப் போய்விடுகிறது. தங்களையா சந்தேகிப்போம் என்று பதறுகிறார்கள். அதற்குப் பெருமானார், மனிதனின் உடலில் இரத்தம் ஓடுவதுபோல ஷைத்தான் ஓடுகிறான் என்றும், அவன் உங்கள் உள்ளத்தில் எதையேனும் போட்டுவிடுவானோ என்று அஞ்சியதாகவும் கூறுகிறார்கள்.

சிந்தித்துப் பாருங்கள். அகிலமெல்லாம் அமீன் என்று ஒப்புக்கொண்ட ஒருவர், யாரும் குற்றம் சாட்டாத நேரத்தில், தாமாகவே விளக்கம் சொல்கிறார். அல்லாஹ் அறிவான் என்று சொல்லிவிட்டுப் போக உலகில் அவர்களைவிட உரிமையுள்ளவர் யார்? ஆனால் போகவில்லை. ஏன் என்பதுதான் இங்கே முக்கியம். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதற்கு அழகிய விளக்கம் தந்ததாக அறிவிக்கப்படுகிறது. அந்த இருவர் தம்மைப் பற்றித் தவறாக எண்ணிவிட்டால் அவர்களுடைய ஈமானே அழிந்துபோகும் என்ற இரக்கத்தினால்தான் பெருமானார் அவ்வாறு செய்தார்கள் என்பது அதன் கருத்து. அதாவது, விளக்கம் சொன்னது தம்முடைய பெயரைக் காப்பாற்றுவதற்காக அல்ல. பார்த்தவர்களின் உள்ளத்தைக் காப்பாற்றுவதற்காக.

நம் கேள்விக்கு நான் கண்ட விடை இதுதான். ஊராரின் எண்ணத்தைப் பற்றி ஒரு முஃமின் கவலைப்படலாம். ஆனால் அந்தக் கவலை தன் புகழைப் பற்றியதாக இருக்கக்கூடாது. சந்தேகம் கொள்வது சந்தேகிப்பவனுக்கே ஆபத்து என்று திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிக்கிறது. அவன் அந்தப் பாவத்தில் விழாதிருக்க நம்மால் ஒரு வார்த்தை உதவுமானால், அந்த வார்த்தையைச் சொல்லாமலிருப்பது தக்வா ஆகாது. அது கர்வமாகக்கூட இருக்கலாம். சந்தேகத்துக்கிடமான இடத்தில் போய் நின்றுகொண்டு, தன்னைத் தவறாக நினைப்பவனைக் குறை சொல்லக்கூடாது என்ற கருத்துப்பட ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் சொன்னதாகவும் வருகிறது. விளக்கம் சொன்ன விதத்தையும் பாருங்கள். இரண்டு வார்த்தை, அவ்வளவே. என்னையா சந்தேகித்தீர்கள் என்று கேட்கவில்லை. தம் சிறப்புகளைப் பட்டியல் போடவில்லை. விளக்கத்திற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு சொல்லி அனுப்பி வைத்துவிட்டார்கள்.

இங்கே மறு கட்சியினர், அப்படியானால் படமெடுத்துப் போடுவதில் என்ன தவறு என்பார்கள். பொறுங்கள். சந்தேகம் நீக்குவது வேறு, செய்த நன்மையைக் காட்சிக்கு வைப்பது வேறு.

காட்சி முற்றிலும் கூடாது என்றும் மார்க்கம் சொல்லவில்லை. தர்மத்தை வெளிப்படையாகச் செய்வதும் நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது அதனினும் மேலானது என்பதே பகரா அத்தியாயத்தின் 271-ஆவது வசனத்தின் கருத்து. முளர் கூட்டத்தார் கிழிந்த கம்பளியோடு மதீனாவுக்கு வந்தபோது பெருமானாரின் திருமுகம் வாடிப் போயிற்று. மக்களைக் கூட்டித் தர்மத்திற்குத் தூண்டினார்கள். ஓர் அன்ஸாரி கை கொள்ளாத பொதி ஒன்றை எல்லார் கண்ணெதிரிலும் சுமந்து வந்தார். அதைக் கண்ட பிறகுதான் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டு வந்து, உணவும் துணியும் இரண்டு குவியலாக உயர்ந்தன. அழகிய வழியொன்றைத் தொடங்கி வைப்பவருக்கு அதைப் பின்பற்றுவோரின் கூலியும் உண்டு என்று பெருமானார் அறிவித்தது அச்சமயத்தில்தான். ஆகவே நான்கு பேரைத் தூண்டுவதற்காகக் காட்டலாம்.

ஆனால் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் ரியாவைப் பற்றி எழுதும்போது, இந்த வாசலில்தான் பலருடைய கால் வழுக்குகிறது என்று கண்டு, ஒரு சோதனையையும் தந்திருக்கிறார்கள். உன் அமலை நீ மறைத்துக்கொள், உன்னைப் போன்ற இன்னொருவனைப் பார்த்து மக்கள் பின்பற்றட்டும், உனக்குக் கூலியில் குறைவிராது என்று சொல்லப்பட்டால் உன் மனம் ஒப்புமா என்பது அதன் சாரம். ஒப்பாவிட்டால் அங்கே மக்களைத் தூண்டும் ஆசையில்லை, வேறு ஆசையிருக்கிறது. இதை நம் மன்றங்களுக்குப் பொருத்திப் பார்த்தால் தலை குனிய வேண்டியிருக்கும். ஒரே ஊரில் இரண்டு அமைப்புகள். வெள்ள நிவாரணத்துக்கு ஒரே லாரியில் சாமான் போகிறது. எந்த அமைப்பின் பேனர் முன்னால் கட்டுவது என்பதில் ஒரு மணி நேரம் தகராறு. லாரி நின்ற அந்த ஒரு மணி நேரத்துக்குப் பொருள் என்ன?

நிய்யத்தைப் பற்றி இவ்வளவு போதும். அது அவரவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலுள்ளது. நிய்யத் எவ்வளவு தூயதாயினும் செய்யக்கூடாத ஒரு காரியம் இருக்கிறது. வாங்குகிறவரின் முகத்தைக் காட்டுவதே அது.

ஒரு விதவைச் சகோதரியை எண்ணிப் பாருங்கள். கணவர் மரித்து இரண்டு வருடம். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கிற சமயம். ரமலானில் மன்றத்தார் பள்ளிவாசல் முற்றத்தில் மேஜை போட்டு, ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொடுக்கிறார்கள். பையின் ஒரு முனையைத் தலைவர் பிடிக்க, மறு முனையை அந்தச் சகோதரி பிடிக்க, 'கொஞ்சம் இப்படித் திரும்புங்கம்மா' என்கிறான் கைப்பேசியை வைத்திருக்கும் பையன். அன்றிரவு அந்தப் படம் வளைகுடாவிலுள்ள ஊர்க்காரர்கள் அனைவரின் கைக்கும் போய்விடுகிறது. மறுவாரம் பெண் பார்க்க வரவிருந்த வீட்டாரின் கைக்கும் போகிறது. அரிசி இருபது நாளில் தீர்ந்துவிடும். படம் தீருமா? பையன் கெட்டவனல்ல. பணம் அனுப்பியவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே என்றுதான் எடுத்தான். ஊர்ச் சந்தேகத்தைப் போக்கத்தான் எடுத்தான். அவன் தன் மன்றத்தின் மானத்தைக் காக்க அந்தச் சகோதரியின் மானத்தைச் செலவழித்துவிட்டான்.

சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மங்களைப் பாழாக்கிவிட வேண்டாம் என்று ஈமான் கொண்டோரை அழைத்து அல்லாஹ் கூறுகிறான். இது பகராவின் 264-ஆவது வசனம். சொல்லிக் காட்டுவதற்கு அக்காலத்தில் நாக்கு வேண்டியிருந்தது. இப்போது படமே பேசுகிறது, ஒரு முறையல்ல, பார்க்குந்தோறும். அவர் சம்மதித்துத்தானே நின்றார் என்று சொல்வது சரியான வாதமாகாது. அரிசிப் பை எதிரே இருக்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? முதுகைக் காட்டி எடுப்பதும், முகத்தை மறைத்துப் போடுவதும் ஓரளவு நல்லதுதான். ஆனால் சிறிய ஊரில் துப்பட்டியின் ஓரத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

அப்படியானால் நன்கொடையாளருக்கும் ஊருக்கும் எதைக் காட்டுவது? கணக்கைக் காட்டுங்கள். ஜகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தபோது, பெருமானார் மிம்பரில் ஏறி நின்று கண்டித்தார்கள். தாய் தந்தையர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். கண்டனம் மிம்பரிலிருந்து வந்தது. ஆனால் நாம் அனுப்பும் ஊழியர் என்று பொதுவாகப் பேசினார்களே தவிர, ஆளின் பெயரைக் கூவவில்லை. ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி வரலாற்று நூல்கள் சொல்வது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். எல்லாருக்கும் ஒரு துண்டுத் துணி வந்திருக்க, கலீபாவின் சட்டை மட்டும் நீளமாயிருந்தது எப்படி என்று சபையில் ஒருவர் கேட்டார். கலீபா கோபிக்கவில்லை. மகனார் எழுந்து, தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததாகச் சாட்சி சொன்னபின் கேட்டவரும் அமர்ந்தார். நம் மன்றத்துப் பொருளாளரிடம் அப்படி ஒருவர் கேட்டுவிட்டால் எத்தனை நாள் பேச்சு வார்த்தை நிற்கும்!

தமிழ்நாட்டில் சங்கங்களைப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்த சங்கம் கணக்கு எழுத வேண்டும், ஆண்டுக்கொரு முறை பொதுக்குழு கூட்டி அதனை வைக்க வேண்டும். இதைச் சர்க்காரின் தொல்லை என்று பையன்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இது அவர்களுடைய கவசம். மாதம் ஒரு தாளில், வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு, அரிசி இத்தனை வீடு, மருந்துச் செலவு இத்தனை பேர், கையிருப்பு இவ்வளவு என்று எழுதிப் பள்ளிவாசல் பலகையில் ஒட்டினால் போதும். வாங்கியவர் பெயர் அதில் ஒன்றும் வேண்டியதில்லை. ஐயமுள்ளவர் வந்து ரசீதைப் பார்க்கலாம். பட்டியலைச் சரி பார்க்க ஜமாஅத்தில் நம்பிக்கையான இருவர் இருக்கட்டும். இது ஐந்நூறு படங்களைவிட அதிகம் பேசும்.

தவறான எண்ணம் சில வேளைகளில் காரியத்தின் உள்விவரம் தெரியாததால் வருகிறது. இரத்த தானம் ஓர் உதாரணம். மன்றத்துப் பையன் இலவசமாக ஒரு யூனிட் கொடுத்துவிட்டுப் போகிறான். நோயாளியின் வீட்டாரிடம் தனியார் மருத்துவமனையின் இரத்த வங்கி ஒரு தொகை வாங்குகிறது. உடனே, 'பையன்கள் இரத்தத்தை விற்கிறார்கள்' என்ற பேச்சு. 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பயனாக, காசு வாங்கி இரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. வங்கி வாங்குவது இரத்தத்தின் விலையல்ல. எய்ட்ஸ் கிருமி, இருவகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பதற்கும் பாதுகாப்பதற்குமான செலவு அது. அதில் ஒரு காசும் கொடுத்தவனுக்கு வராது. இதைப் பையனே, இரத்தம் கொடுக்கப் போகும்போதே அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டால் என்ன? ஸஃபிய்யா நாயகியின் நிகழ்ச்சி கற்பிப்பது இதைத்தானே. சந்தேகம் பிறக்கக்கூடிய இடம் நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, அது பிறக்கும்வரை காத்திருப்பானேன்?

இனி, பிற சமயத்தாரின் எண்ணத்தைப் பற்றி. இது கடினமான பகுதி. மெதுவாகச் சொல்ல வேண்டும்.

2020 மார்ச்சில் டில்லி நிஜாமுத்தீனில் நடந்த தப்லீக் கூட்டத்தை வைத்து, கொரோனாவைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்பது போன்ற பேச்சு நாடெங்கும் பரவியது. காய்கறி விற்பவரின் பெயரைக் கேட்டுவிட்டு வாங்கியவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 21-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, அக்கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்களாக்கப்பட்டதாகச் சொல்லிற்று. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நடந்திருந்தது. கொரோனாவில் இறந்தவரின் உடலைத் தொட உறவினரும் அஞ்சிய காலம் அது. 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அந்த ஆண்டிலும் 2021-இன் இரண்டாம் அலையிலும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் முஸ்லிம் இளைஞர்கள் பாதுகாப்பு உடையணிந்து, இறந்தவர் எந்தச் சமயத்தவரோ அந்தச் சமயத்து முறைப்படி புதைக்கவும் எரிக்கவும் உதவினார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறந்திருந்ததையும், 2004 ஆழிப் பேரலையின்போது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவளித்ததையும் அறிந்தவர்களுக்கு இது வியப்பல்ல. பிற சமயத்தாரின் பிரேதத்தைச் சுமக்கலாமா என்று நம்மவர் சிலர் ஐயுற்றார்கள். ஒரு யூதரின் பிரேதம் கடந்து சென்றபோது பெருமானார் (ஸல்) எழுந்து நின்றார்கள் என்பதையும், யூதராயிற்றே என்று சொல்லப்பட்டபோது அவரும் ஓர் ஆத்மாவல்லவா என்ற பொருளில் திருப்பிக் கேட்டார்கள் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

அந்த இளைஞர்களால் பலருடைய எண்ணம் மாறியது உண்மை. அதில் நாம் மகிழலாம். ஆனால் 'பார்த்தீர்களா, எங்களை என்ன நினைத்தீர்கள்!' என்று அந்தப் பிரேதங்களைச் சுமந்த படங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றுக்கு விட்டபோது எனக்கு நெஞ்சு ஒப்பவில்லை. அந்த வெள்ளைப் பொதிக்குள் இருந்தவர் யாரோ ஒருவருடைய தகப்பனார். அவர் நம் சமுதாயத்தின் நற்பெயருக்கு விளம்பரமாவதற்காக மரிக்கவில்லை. உணவளித்துவிட்டு, உங்களிடம் கூலியையோ நன்றியையோ நாடவில்லை என்று சொல்பவர்களைத் திருமறையின் தஹ்ர் அத்தியாயம் புகழ்கிறது. நன்றியே வேண்டாமென்றால் நற்சான்று மட்டும் வேண்டுமா?

இன்னொரு தீங்கும் இதில் ஒளிந்திருக்கிறது. நாம் நல்லவர்கள் என்று நிரூபிக்கத் தொண்டு செய்யத் தொடங்கினால், தொண்டு செய்யாத முஸ்லிமுக்கு மரியாதை இல்லை என்று நாமே ஒப்புக்கொண்டதாகும். ஒன்றும் செய்யாமல் தன் கடையைத் திறந்து தன் பிழைப்பைப் பார்க்கும் சாதாரண முஸ்லிமுக்கும், மற்ற எவருக்கும் உள்ள அதே மரியாதைக்கு உரிமை உண்டு. பொய்ச் செய்திக்கு உண்மைச் செய்தியால் பதில் சொல்ல வேண்டும். தேவையானால் பத்திரிகைக்கு எழுதி, தேவையானால் நீதிமன்றம் சென்று. அதற்குத் தனி வழி இருக்கிறது. இறந்தவரைச் சுமப்பது அவர் இறந்துவிட்டார், சுமக்க ஆளில்லை என்பதற்காகவே இருக்கட்டும்.

உண்மையிலேயே அவதூறு கிளம்பிவிட்டால் என்ன செய்வது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது நயவஞ்சகர்கள் கட்டிவிட்ட இட்டுக்கதையைவிடப் பெரிய அவதூறு இவ்வும்மத்தில் இல்லை. ஏறத்தாழ ஒரு மாதம் வஹீ வரவில்லை. அந்த நாட்களில் பெருமானார் அலீ (ரலி), உஸாமா (ரலி) ஆகியோரிடம் கலந்தார்கள். வீட்டில் பணி செய்த பரீரா (ரலி) அவர்களிடம் விசாரித்தார்கள். மிம்பரில் நின்று, தம் குடும்பத்தாரைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் தாம் அறியவில்லை என்று தமக்குத் தெரிந்த அளவைச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. நம் பையன்களோ இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தால் பதினொன்று ஐந்துக்குப் பதில் போடுகிறார்கள். ஒருவர் அல்ல, ஒன்பது பேர், ஒன்பது விதமாக. அதில் இரண்டு பதில் உண்மைக்கு மாறாக இருக்கும். மறுநாள் அதுவே புது வழக்கு. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளை நமக்கு எதிரான செய்திக்கும் பொருந்தும். ஒருவேளை அதில் உண்மையும் இருந்துவிடலாம். மன்றத்தில் பதில் சொல்ல ஒருவரை நியமியுங்கள். நாக்கு நிதானமுள்ளவராக, கூடுமானால் சற்று வயதானவராக இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்பவராக இருக்கட்டும். சில பேச்சுக்குப் பதிலே வேண்டியதில்லை. டீக்கடையில் பிறந்து டீக்கடையிலேயே மடிகிறதை ஜும்ஆ மேடைக்குக் கொண்டு வருவது எதற்கு?

அந்த இட்டுக்கதையைப் பரப்பியவர்களுள் நயவஞ்சகர் மட்டுமின்றி, பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் சிக்கிக்கொண்டார்கள். அவர் ஏழை, ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்களுக்கு உறவினர், அவர்களின் உதவியில்தான் ஜீவனம் நடந்துகொண்டிருந்தது. மகளின் மானத்தில் கை வைத்தவருக்கு இனி ஒரு காசும் கொடுப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) ஆணையிட்டார்கள். எந்தத் தகப்பன்தான் அப்படிச் செய்யமாட்டான்? அப்போது நூர் அத்தியாயத்தின் 22-ஆவது வசனம் இறங்கியது. வசதியுள்ளவர்கள் உறவினருக்கும் ஏழைக்கும் கொடுப்பதை நிறுத்த ஆணையிட வேண்டாம், மன்னிக்கட்டும், அல்லாஹ் உங்களை மன்னிப்பதை நீங்கள் விரும்பவில்லையா என்பது அதன் கருத்து. அபூபக்ர் (ரலி) உடனே அந்த உதவியைத் திரும்பத் தொடங்கினார்கள். இனி ஒருபோதும் நிறுத்துவதில்லை என்றும் உறுதி கூறினார்கள்.

நம் மன்றத்தின் ரமலான் பட்டியலிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். பணம் எங்கே போயிற்று என்று தெருவெல்லாம் பேசியவரின் வீடு. 'அவருக்கு எதற்கு?' என்று ஒரு பையன் கேட்பான். இன்னொருவன் பெயரை அடிக்கப் பேனாவை எடுப்பான். அப்போது மிஸ்தஹ் (ரலி) அவர்களின் பெயரை அங்கே யாராவது ஒருவர் எடுத்துச் சொல்லட்டும். பையைக் கொண்டு போகிறவர் இஷாவுக்குப் பிறகு, தெரு அடங்கியபின் போகட்டும். வாசலில் வைத்து ஸலாம் சொல்லிவிட்டு, அவர் ஏதேனும் பேசத் தொடங்குமுன் திரும்பி வந்துவிடட்டும்.